ஓபேரும் நம் பிள்ளைகளும்: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், உம்ஷ்லாங்கா பக்கங்களில் பிள்ளைகளுக்கு ஓபேர் வைத்திருக்கும் குடும்பங்களும் அந்த வேலைக்குப் போகும் பெண்களும் தமிழ் வகுப்பு வாசலிலும் கோவில் சமையற்கட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன.

1. ஓபேர்னா யாரு? வீட்டு வேலைக்கு வர்றவங்களும் அவங்களும் ஒண்ணுதானே?

இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஓபேர் என்றால் பெரும்பாலும் சொந்தக் கார் வைத்திருக்கும் உள்ளூர் இளம்பெண். பள்ளி விட்டதும் பிள்ளைகளை அழைத்து வந்து, சாப்பாடு கொடுத்து, வீட்டுப்பாடம் பார்த்து, நீச்சலுக்கோ பரதநாட்டிய வகுப்புக்கோ கொண்டுபோய், பெற்றோர் வரும்வரை கூட இருப்பார். பிள்ளைகளின் உணவுப்பெட்டி, துணி, அறை இவை அவர் பொறுப்பு. வீடு பெருக்குவதும் குடும்பத்துக்கே சமைப்பதும் அவர் வேலையல்ல.

இதை முதலிலேயே பிரித்து எழுதிவைக்கச் சொல்வதற்குக் காரணம் பாதுகாப்புதான். "சும்மாதானே இருக்கிறாய், அந்தப் பருப்பை ஏற்றிவிடு" என்று தொடங்கினால், அடுப்பையும் மூன்று வயதுப் பிள்ளையையும் ஒரே ஆள் பார்க்க வேண்டிவரும். விபத்து நடப்பது அந்த இடைவெளியில்தான்.

2. தினம் ரெண்டரை மணி நேரம்தான் வர்றா. அந்த நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுக் குடுத்தா போதாதா?

போதாது. ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தாலும் நான்கு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2025 மார்ச் 1 அன்று தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. இது வழக்கமாக மார்ச்சில் மாறும், அந்தந்த ஆண்டுத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை இருந்தால் யு.ஐ.எஃப். (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பதிவு கட்டாயம்: சம்பளத்தில் 1% அவருடையது, 1% உங்களுடையது.

பெட்ரோலைச் சம்பளத்துக்குள் அடக்காதீர்கள். கிலோமீட்டர் கணக்கெழுதித் தனியாகக் கொடுங்கள். பள்ளி, வகுப்பு, வீடு என்று தினமும் ஓடும் கார் அது. அந்தச் செலவை ஓபேர் தன் கையிலிருந்து போட்டால் தேய்ந்த டயரும் பிரேக்கும் மாற்றப்படாமலே ஓடும், அதில் உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளை. காப்பீட்டு நிறுவனத்திடமும் கேளுங்கள்: அவர் காராக இருந்தால் வேலைக்காக ஓட்டுவதற்குக் காப்பீடு உண்டா? உங்கள் காராக இருந்தால் அவர் பெயர் ஓட்டுநராகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா?

3. போலீஸ் கிளியரன்ஸ் காட்டினா. அதுக்கு மேல என்ன பாக்கணும்?

போலீஸ் கிளியரன்ஸ் குற்றப்பதிவு இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். வேறு இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன. ஒன்று, 2005-ம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறை வைத்திருக்கும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதி. பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று முடிவானவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். மற்றொன்று, நீதித்துறை வைத்திருக்கும் பாலியல் குற்றவாளிகள் தேசியப் பதிவேடு. பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் வேலைக்கு எடுப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பதில் வரும்வரை பிள்ளையைத் தனியாக ஒப்படைக்காதீர்கள்.

முன்பு வேலை செய்த இரண்டு குடும்பங்களுக்கு நீங்களே போன் போடுங்கள். "நல்ல பிள்ளையா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எந்த மாதம் நின்றாள், ஏன் நின்றாள், மறுபடி எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். அவள் கொண்டுவந்த பரிந்துரைக் கடிதத்தைவிட அந்தக் கடைசிக் கேள்விக்கு முன் வரும் தயக்கம் நிறையச் சொல்லும்.

4. முதல் நாள் அவகிட்ட என்னென்ன சொல்லணும்?

வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். வீட்டு முகவரி முழுதாக (பதற்றத்தில் தெரு எண் மறந்துபோகும்), பெற்றோர் இருவர் எண், பக்கத்து வீட்டில் பகலில் இருக்கும் ஒருவர் எண், காவல் நிறுவன எண், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எண், பிள்ளையின் எடை, ஒவ்வாமை, மருந்து. கீழே பொது எண்கள்: காவல்துறை 10111, ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112, விஷம் குடித்துவிட்டால் 0861 555 777, பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116.

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். பேனிக் பட்டன் எங்கே, தண்ணீர் வால்வு எங்கே, மின்கட்டுப்பாட்டுப் பெட்டி எங்கே. கரண்ட் போய், கேட் மோட்டாரின் பேட்டரியும் இறங்கிவிட்டால் கையால் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது என்பது பல வீடுகளில் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சாவியைப் போட்டு ஓபேரே ஒருமுறை கேட்டைத் திறந்து பார்க்கட்டும்.

5. பள்ளிக்கூடம் பத்து நிமிஷத் தூரம்தான். கார் சீட் அவசியமா?

அவசியம். 2015 மே மாதத்திலிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை காரில் குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். ஓட்டுகிறவர்தான் பொறுப்பு, அதாவது ஓபேர். அதற்கு மேற்பட்ட வயதிலும், உயரம் 1.5 மீட்டரை எட்டும்வரை பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) போடுங்கள். பூஸ்டர் இல்லாவிட்டால் பெரியவர்களுக்கான பெல்ட் கழுத்திலும் வயிற்றிலும் விழும், மோதலில் அதுவே காயப்படுத்தும்.

குழந்தையைப் பின்னோக்கி உட்காரவைப்பதை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். 15 மாதம் வரையாவது அப்படியே இருக்கட்டும், இருக்கை தாங்கும் எடைவரை தொடர்ந்தால் இன்னும் நல்லது. முன்சீட்டில் ஏர்பேக் வேலை செய்யும்போது பின்னோக்கிய இருக்கையை அங்கே வைக்கவே கூடாது. வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று: தடித்த ஜெர்சியோடு (ஸ்வெட்டர்) பட்டை போடுவது, பட்டை முறுக்கியிருப்பது, தளர்வாக இருப்பது. தோள்பட்டையில் பட்டையைக் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். இரண்டு கார்கள் என்றால் இரண்டு இருக்கைகள் வாங்குங்கள், தினமும் கழற்றி மாட்டும் இருக்கை ஒருநாள் சரியாக மாட்டப்படாது. விபத்தில் சிக்கியிருக்கக்கூடிய பழைய இருக்கை வேண்டவே வேண்டாம்.

இறங்கி ரொட்டி வாங்கும் இரண்டு நிமிடத்துக்குக்கூடப் பிள்ளையைக் காரில் விட்டுப் போகக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு சுமார் பத்துப் பாகை ஏறிவிடும்.

6. கேட் வாசல்லதான் கார் ஹைஜாக் பயம். பிள்ளைங்க பின்னால இருந்தா என்ன செய்யறது?

கேட் திறக்கும்வரை வாசல் வழிக்குள் நுழையாமல் தெருவிலேயே நில்லுங்கள். உள்ளே போய்க் கேட்டைப் பார்த்து நின்றால் பின்னால் ஒரு கார் வந்து அடைத்துவிடும். உள்ளே போனதும் கேட் முழுதாக மூடும்வரை கதவைத் திறக்க வேண்டாம். ஒரே கார் பின்தொடர்வதாகத் தோன்றினால் வீட்டுக்குப் போகாமல் நேரே காவல் நிலையத்துக்கு ஓட்டுங்கள்.

அப்படியும் துப்பாக்கி நீட்டப்பட்டால் கை இரண்டும் தெரியும்படி வையுங்கள், எதிர்க்க வேண்டாம். "பின்சீட்டில் குழந்தை இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன்" என்று ஆங்கிலத்திலோ ஜூலுவிலோ சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். இருக்கையைக் கழற்ற முயலாதீர்கள், பட்டையை அவிழ்த்துப் பிள்ளையை மட்டும் தூக்குங்கள். ஒற்றைக் கையால் அந்தக் கொக்கியை அவிழ்க்க ஓபேர் பழகியிருக்க வேண்டும், சில கொக்கிகள் அவ்வளவு கடினம். பெரிய பிள்ளைக்குத் தானே பெல்ட்டை அவிழ்த்து ஓபேர் இறங்கும் பக்கமே இறங்கக் கற்றுக்கொடுங்கள்.

7. வீட்ல நீச்சல் குளம் இருக்கு, வேலியும் இருக்கு. போதும்தானே?

வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம், 100 மில்லிமீட்டர் பந்து நுழையாத இடைவெளி, தானே மூடித் தானே பூட்டும் கதவு. இவை எல்லாம் இருந்தும் பிறந்தநாள் விருந்தன்று யாரோ அந்தக் கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிடுவார்கள். குளித்து முடிந்ததும் பொம்மைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள், மிதக்கும் பந்தை எடுக்கத்தான் பிள்ளை திரும்ப வரும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கை எட்டும் தூரத்தில் ஒருவர் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை கத்தாது, சத்தம் வந்தால் பார்ப்போம் என்று இருக்க முடியாது. வாளித் தண்ணீரும் சின்னக் குழந்தைக்கு ஆழம்தான்.

கடற்கரைக்குப் போனால் உயிர்காப்பாளர்கள் ஊன்றியிருக்கும் கொடிகளுக்கு நடுவில் மட்டும். இளஞ்சிவப்பு மிதவைகள் கம்பங்களில் தொங்கும், யாராவது இழுத்துக்கொண்டு போகப்பட்டால் ஓபேர் உள்ளே குதிக்காமல் அந்த மிதவையை எறிந்துவிட்டு உதவி கூப்பிட வேண்டும். அவர் குதித்தால் கரையில் இருக்கும் மற்றப் பிள்ளையை யார் பார்ப்பது? நீலக் குமிழ் ஜந்து (புளூபாட்டில்) கொட்டினால் கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழையை எடுத்துவிட்டு, பொறுக்கும் அளவு வெந்நீரில் சுமார் இருபது நிமிடம் வைக்க வேண்டும். வெந்நீர் சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள். பெருமழைக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கரைகள் மூடப்படுவதுண்டு, 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் இது பெரிய பிரச்சினையாயிற்று. நகராட்சி அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

8. காவடிக்குப் போனா மொத்தச் சொந்தக்காரங்களும் அங்கதானே இருப்பாங்க. அங்க என்ன பயம்?

அதுதான் பயம். பெரியம்மா பார்க்கிறாள் என்று மாமா நினைப்பார், மாமாவோடு இருக்கிறான் என்று ஓபேர் நினைப்பாள், ஓபேர் இருக்கிறாளே என்று அம்மா பூஜைக்கு உட்காருவாள். பத்துப் பேர் சுற்றியிருக்கும்போது பிள்ளையை ஒருவரும் பார்க்காமல் போகும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எந்த நேரத்திலும் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு ஆள், பெயர் சொல்லி. கை மாறும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அக்கா, கவின் இப்போ உங்ககிட்ட." "சரிம்மா, என்கிட்ட." அந்த "என்கிட்ட" வரும்வரை பொறுப்பு மாறவில்லை. வயதில் பெரியவர்களிடம் இப்படிக் கேட்க ஓபேருக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் அன்று காலையிலேயே அப்பாவோ அம்மாவோ எல்லாருக்கும் முன்னால் "இன்னிக்கு இப்படித்தான்" என்று சொல்லிவிட வேண்டும்.

தைப்பூசத்தன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் சுப்ரமணியர் ஆலயத்திலோ ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலிலோ நிற்கும் கூட்டத்தில் பாதிப் பிள்ளைகள் மஞ்சள் துணியில்தான் இருப்பார்கள். "மஞ்சள் ஜிப்பா போட்ட பையன்" என்றால் யாரைத் தேடுவது? கிளம்பும்போது அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணைக் கையில் பேனாவால் எழுதினால் வேர்வையும் மஞ்சள் தண்ணீரும் பட்டு ஒரு மணி நேரத்தில் 3 எது 8 எது என்று தெரியாமல் ஊறிவிடும். துணிப்பட்டையில் அழியாத மையால் எழுதிச் சட்டையின் உள்பக்கம் ஊக்குப் போடுங்கள், பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். சந்திக்கும் இடமாகக் கொடிமரத்தைச் சொல்லாதீர்கள், நெரிசலே அங்கேதான். முதலுதவிக் கூடாரத்தைச் சொல்லுங்கள்.

தேர்ச் சக்கரத்திலிருந்தும் வடத்திலிருந்தும் சில அடி தள்ளியே பிள்ளை நிற்கட்டும். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைக்கு ஜனவரி, பிப்ரவரி மாதத் தார்ச்சாலை காலைப் பொசுக்கும். நேர்த்திக்கடன் இல்லாத சின்னப் பிள்ளைக்குச் செருப்புப் போடுவதில் தவறில்லை. தண்ணீர் போத்தல் ஓபேரின் பையிலேயே இருக்கட்டும்.

9. கஞ்சி பூஜை, தீபாவளி... நெருப்பு சமாசாரத்துக்கு ஏதாவது சொல்லுங்க.

ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் அண்டாக்கள் விறகடுப்பில் தரையோடு இருக்கும், அதாவது பிள்ளையின் முகத்துக்கு நேரே. அடுப்பைச் சுற்றி மூன்று அடிக்குக் கோடு போட்டுத் தாண்டக் கூடாது என்று பழக்குங்கள். கற்பூரத் தட்டைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். கம்பி மத்தாப்பு விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தாலும் அதன் நுனி ஆயிரம் பாகை அளவுக்குக் காயும். கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒன்று, அணைந்த கம்பியைப் போட ஒரு வாளித் தண்ணீர். பட்டுப்பாவாடையையும் நைலானையும் வெடி நேரத்தில் மாற்றிப் பருத்தி போடுங்கள்.

சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசை, வெண்ணெய், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். ஆயா (பாட்டி) சொன்னாலும் வேண்டாம். முகம், கை, பாதம், மறைவிடம் என்றால் சின்னக் காயமும் மருத்துவமனைக்குரியது.

10. முறுக்கு, நிலக்கடலை எந்த வயசுல குடுக்கலாம்?

முழு நிலக்கடலையும் கடினமான முறுக்கும் ஐந்து வயதுக்கு முன் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். காரில் ஓடிக்கொண்டே எதுவும் தின்னக் கூடாது, பின்சீட்டில் அடைத்துக்கொண்டால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அடைத்து மூச்சு வராவிட்டால் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பில் ஐந்து அழுத்தம். இதைப் படித்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. பொம்மையில் செய்து பழகும் முதலுதவி வகுப்புக்கு ஓபேரை அனுப்பி அந்தக் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள்.

11. வாரம் முழுக்க வீட்லயே அடைஞ்சு கெடக்குறாங்க. செலவில்லாம எங்க கூட்டிட்டுப் போறது?

1849-லிருந்து இருக்கும் டர்பன் தாவரவியல் பூங்கா, மிட்செல் பார்க், நகராட்சி நூலகங்கள், சனிக்கிழமை தமிழ் வகுப்பு. சனிக்கிழமை காலை 8 மணிக்கு பார்க்ரன் என்ற ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், கட்டணமில்லை. ஆனால் பதினொரு வயதுக்குட்பட்ட பிள்ளை, கூட வரும் பெரியவரின் கை எட்டும் தூரத்தில்தான் ஓட வேண்டும் என்பது அவர்கள் விதி. இரண்டு சின்னப் பிள்ளைகள் வெவ்வேறு வேகத்தில் ஓடினால் ஓபேர் ஒருத்தியால் முடியாது.

அக்கம்பக்கத்து ஓபேர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிள்ளைகளோடு பூங்காவில் சந்திப்பது மிக நல்ல பழக்கம். தனியாக வேலை செய்யும் பெண்ணுக்குப் பேச ஆள் கிடைக்கும். அங்கேயும் 8-ம் பதிலில் சொன்ன "என்கிட்ட" விதி உண்டு, அரட்டையில்தான் அது முதலில் நழுவும்.

12. கோவிலுக்குக் குடும்பத்தோட கூட்டிட்டுப் போறோம், சாப்பாடும் குடுக்கறோம். அதுவும் வேலை நேரமா?

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அழைத்தால் வேலை நேரம்தான். விருந்தாளியாக அழைத்தால் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் 8-ம் பதிலில் சொன்ன குழப்பம் தொடங்கும். அவர் வேறு மதத்தவராக இருந்தால் செருப்பை எங்கே விடுவது, புரட்டாசி விரத நாளில் வீட்டுக்குள் இறைச்சி கொண்டுவரலாமா என்பதை முன்பே சொல்லுங்கள். கும்பிட வற்புறுத்த வேண்டாம்.

13. ஸ்கூல் வாசல்ல பிள்ளையோட மாமான்னு ஒருத்தர் வந்து, "நான் கூட்டிட்டுப் போறேன்"னார். முகம் தெரியும். அனுப்பலாமா?

பெற்றோரில் ஒருவர் போனில் பேசிச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. குறுஞ்செய்தி போதாது, குரல் கேட்க வேண்டும். அழைத்துப்போக அனுமதி உள்ளவர்களின் பட்டியல் பள்ளியிலும் ஃபிரிட்ஜ் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்து, அதைச் சொல்லாதவரோடு போகக் கூடாது என்று பிள்ளைக்கும் பழக்குங்கள். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் நீதிமன்ற உத்தரவு என்ன சொல்கிறது என்பது ஓபேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாமா கோபித்துக்கொண்டால் அதைச் சமாளிப்பது பெற்றோரின் வேலை, ஓபேரின் தலையில் கட்டாதீர்கள்.

14. "அடம்பிடிச்சா ரெண்டு போடு"ன்னு ஆயாவே சொல்றாங்க. போடலாமா?

கூடாது. 2019 செப்டம்பர் 18-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், "திருத்துவதற்காக அளவோடு அடித்தேன்" என்ற பெற்றோரின் சட்டப் பாதுகாப்பையே செல்லாது என்றது. பெற்றோருக்கே இல்லாத உரிமை ஓபேருக்கு எப்படி வரும்? அடம்பிடித்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாரும் ஒன்றாக முடிவு செய்யுங்கள். டேப்லெட்டை எவ்வளவு நேரம் எடுத்துவைப்பது என்பதுவரை.

15. பிள்ளை ஏதோ தப்பா நடந்ததுன்னு சொல்லுது. சொல்றது குடும்பத்து ஆளைப் பத்தி. நான் ஓபேர்தானே, நான் என்ன செய்யறது?

கேளுங்கள், குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். "அவர் இதைச் செய்தாரா?" என்று சொல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்று சொல்லிவிட்டு, பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி, நேரத்தோடு எழுதுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குளிப்பாட்டவோ துணி துவைக்கவோ வேண்டாம்.

பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் உடனே காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்று 2007-ம் ஆண்டுச் சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது, ஓபேரையும் சேர்த்து. அடி, புறக்கணிப்பு போன்றவற்றையும் சமூகநலப் பணியாளரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லிவிடுங்கள். என்ன செய்வதென்று புரியாவிட்டால் 116-ஐ அழையுங்கள். குடும்ப மானம் போகும் என்று வாயை அடைக்க முயல்வார்கள். பெற்றோராகிய நீங்கள் அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி விஷயத்தை மூடினால், பிள்ளை அடுத்த முறை யாரிடமும் சொல்லாது.

16. பெற்றோர் ரெண்டு பேரையும் போன்ல பிடிக்க முடியலே, பிள்ளை மயங்கிட்டான். நான் ஆஸ்பத்திரில கையெழுத்துப் போடலாமா?

பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் போடலாம். பெற்றோரின் சம்மதத்தை நியாயமான வகையில் பெற முடியாதபோது, பிள்ளையைக் கவனித்துக்கொள்பவர் சம்மதம் தரக் குழந்தைகள் சட்டத்தின் 32-ம் பிரிவு இடம் தருகிறது. அறுவைச் சிகிச்சை வேறு, அவசரத்தில் மருத்துவமனை நிர்வாகப் பொறுப்பாளர் முடிவெடுப்பார். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் மெடிக்கல் எய்ட் அட்டையின் படமும் ஓபேரின் கைபேசியில் இருந்தால் வாசலில் நேரம் வீணாகாது. அருகில் எந்த அவசரப்பிரிவு, எந்த வழி என்பதை 4-ம் பதிலின் தாளில் சேர்த்துவிடுங்கள்.

17. எங்க பொண்ணு டர்பன்லேருந்து அமெரிக்காவுக்கு ஓபேரா போறா. அங்க விதி எல்லாம் வேறயா?

வேறு. அங்கே ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் குடும்பத்தோடு தங்கி வேலை. வயது 18 முதல் 26. ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரம் ஒன்றரை நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு முழு வார இறுதி விடுப்பு, ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. வேலை தொடங்குமுன் குழந்தைப் பாதுகாப்பில் 8 மணி நேரமும் குழந்தை வளர்ச்சியில் 24 மணி நேரமும் பயிற்சி உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு 200 மணி நேர அனுபவச் சான்று வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையைப் பெரியவர் இல்லாமல் அவளிடம் விடக் கூடாது. இந்த அனுபவத்தை இங்கே சேர்க்கும்போதே தேதி, மணி, குடும்பத்தாரின் கையெழுத்தோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

அங்கே ஒவ்வொரு ஓபேருக்கும் ஒரு மணி நேரக் கார்ப் பயணத் தூரத்துக்குள் ஒரு பிரதிநிதி இருப்பார், மாதம் ஒருமுறை தொடர்புகொள்வார். வீட்டில் ஏதாவது சரியில்லை என்றால் அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவருடைய எண்ணை விமானம் ஏறுமுன் நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும், "பத்திரமாக வைக்கிறோம்" என்று சொன்னாலும், கொடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லி அனுப்புங்கள்.